பந்தியும் பாடமும்

1860களின் கடைசியில் ஒரு தகப்பனார் தம் மகனுக்குத் தமிழ் ஆசிரியர் தேடி அரியலூர், பெரம்பலூர்ச் சீமையில் ஊர் ஊராகக் குடிபெயர்ந்துகொண்டிருந்தார். அவர் இசைவாணர். அரியலூர் ஜமீனின் ஆதரவு தேய்ந்த பிறகு, கிராமங்களில் ராமாயணக் கதை சொல்லி, ஊரார் தரும் நெல்லில் குடும்பம் நடத்தியவர். மகன் அரியலூரில் சடகோபையங்காரிடம் தமிழ்ச் செய்யுளின் சுவையைக் கண்டான். குன்னத்திலும் கார்குடியிலும் தெரிந்தவர்களிடம் தெரிந்ததைக் கேட்டான். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை படித்தான். அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையத்திலிருந்து புறப்பட்டால் இந்த ஊர்களையெல்லாம் இன்றைக்கு ஒரே நாளில் சுற்றி வந்துவிடலாம். அந்தக் குடும்பத்துக்கு அது ஆண்டுக்கணக்கான அலைச்சல். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் உ.வே.சாமிநாதையர்.

இந்த மண்ணின் ஆசிரியர்கள் அவனுக்குக் குறை வைக்கவில்லை. தங்களிடம் இருந்ததைக் கொடுத்தார்கள். ஆனால் ஒவ்வொருவரிடமும் இருந்தது சில நூல்கள்தான், சில மாதங்களுக்கான பாடம்தான். விருத்தாசல ரெட்டியார் செய்த பெரிய உதவி காரிகை சொல்லிக்கொடுத்ததைவிட, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெருமையை எடுத்துச் சொல்லி, அவரிடம் போய்ப் படிக்க வேண்டும் என்ற எண்ணத்தை உறுதிப்படுத்தியது என்றே நான் நினைக்கிறேன். தன்னைத் தாண்டிப் போ என்று சொல்லத் தெரிந்த ஆசிரியர்கள் எந்த ஊரிலும் அதிகம் இருப்பதில்லை. அப்படி ஒருவர் பெரம்பலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இருந்தார் என்பதை இந்த இரண்டு மாவட்டத்துப் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும்.

1871இல் பிள்ளையவர்கள் இருந்த மாயூரம் போய்ச் சேர்ந்தபோது பையனுக்குப் பதினேழாவது வயது. வேங்கடராமன் என்று வழங்கிய பெயர் அங்கேதான் சாமிநாதன் ஆயிற்று. பிறகு ஆசிரியரோடு திருவாவடுதுறை ஆதீனம். அதற்கு முன்பும் அவன் பாடம் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். இப்போது நேர்ந்த மாற்றம், பாடம் முடிந்த பிறகும் ஆசிரியரின் பக்கத்திலேயே இருந்தது. பிள்ளையவர்கள் தலபுராணம் பாடும்போது அவர் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுத ஒரு மாணவன் வேண்டும். எழுத்தாணியும் கையுமாக உட்கார்ந்திருப்பவன் ஒரு செய்யுள் பிறப்பதையே பார்க்கிறான். அச்சில் வந்த செய்யுளை ஆயிரம் முறை படித்தாலும் கிடைக்காத பாடம் அது. மடத்தின் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் தாமே இலக்கணம் சொல்லுவார். தை மாதக் குருபூஜைக்கு வித்துவான்களும் பாடகர்களும் பல ஊர்களிலிருந்து வந்து கூடுவார்கள். மகா வைத்தியநாதையர் பாடுவார். ஒரு புலவர் ஒரு பாட்டுக்குப் பொருள் சொன்னால் இன்னொருவர் மறுப்பார். மாணவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இதில் எதற்கும் பாடத்திட்டம் கிடையாது, மணியடிப்பதும் கிடையாது. ஆனாலும், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் ஒரு பல்கலைக்கழக விடுதிக்கு மிக அருகில் இருந்தது எது என்று கேட்டால் நான் திருவாவடுதுறையைத்தான் சொல்லுவேன்.

அந்த மடத்திலும் எல்லாம் இல்லை. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த சாமிநாதையரிடம் சேலம் ராமசுவாமி முதலியார் என்ற தமிழன்பர் என்ன என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அவர் சொன்ன நீண்ட பட்டியல் முதலியாருக்குப் பெரிதாகப் படவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்பதுதான் முதலியாரின் கேள்வி. படித்ததில்லை. அதன் பிறகு அந்தச் சமண காவியத்தைப் புரிந்துகொள்ளக் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய், தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லி உட்கார்ந்து கேட்டார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. வேற்றுச் சமயத்தார் வீட்டில் மாணவராக உட்காரும் அந்தத் துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? சைவ மடத்தின் நிழலில் படித்தவர். ஸ்மார்த்தப் பிராமணக் குடும்பம். வர வேண்டிய அவசியமே இல்லையே!

எனக்குக் கிடைக்கிற விடை சவேரிநாத பிள்ளை. அவர் கிறிஸ்தவர். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சாமிநாதையரோடு உடன் படித்தவர், ஆசிரியரை விட்டு அகலாதவர். அந்தக் காலத்து வழக்கப்படி மாணவர்கள் சேர்ந்து உண்ணவில்லை. சாமிநாதையருக்கு அக்கிரகாரத்தில் சாப்பாடு, மற்றவர்களுக்கு வேறு இடங்களில். பந்தி பிரிந்திருந்தது, பாடம் பிரியவில்லை. 1876 பிப்ரவரி 1ஆம் நாள் ஆசிரியரின் உயிர் பிரிந்தபோது அவரைத் தம் மார்பில் சாய்த்துத் தாங்கியிருந்தவர் சவேரிநாத பிள்ளை. அருகில் இருந்து திருவாசகத்தின் அடைக்கலப் பத்தைப் படித்தவர் சாமிநாதையர். ஒரு சைவப் பெரும்புலவர், ஒரு கிறிஸ்தவ மாணவர், ஒரு பிராமண மாணவர், ஒரே அறையில் ஒரே துக்கத்தில். கூடத் தங்கிப் படித்ததன் பயன் எது என்று கேட்பவர்களுக்குக் காட்ட எனக்கு இதைவிடப் பெரிய காட்சி தெரியாது. அந்த அறையிலிருந்து வெளியே வந்தவருக்குச் சமணர் வீட்டு வாசற்படி உயரமாகத் தெரிந்திருக்காது.

பழந்தமிழ் நூல்களை அச்சுக்குக் கொண்டுவந்த இன்னொரு பெரியவரான சி.வை.தாமோதரம் பிள்ளையும் தங்கிப் படித்தவர்தான். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி அவருடைய கல்விக்கூடம். அங்கே தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானவியலும் ஒரே வளாகத்தில் நடந்தன. பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானார். பிறகு வீரசோழியமும் தொல்காப்பியப் பொருளதிகாரமும் கலித்தொகையும் அவர் கையால் வெளிவந்தன. ஒருவர் மடத்தில், மற்றவர் மிஷன் விடுதியில். சமயத்தாலும் பழக்கவழக்கத்தாலும் எதிரெதிர்க் கரைகளில் இருந்த இரண்டு உறைவிடங்களிலிருந்து ஒரே வேலைக்கு இரண்டு பேர் வந்தார்கள் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

தங்கிப் படிப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதும் இல்லை. ரெட்டிபாளையத்துக்குக் கிழக்கே, இதே மாவட்டத்தில் இருக்கிற கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து நாடாண்ட ராஜேந்திர சோழன் காலத்தில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் ஒரு கல்லூரி நடந்தது. கோயில் கல்வெட்டு அதன் கணக்கைச் சொல்லுகிறது: இளைய மாணவர் 270, மூத்த மாணவர் 70, ஆசிரியர் 14. ரிக்வேதத்துக்கு 75 பேர், யஜுர் வேதத்துக்கு 75 பேர், ரூபாவதாரம் என்ற இலக்கணத்துக்கு 40 பேர், மேல்நிலையில் மீமாம்சைக்கு 35 பேர், வேதாந்தத்துக்கு 10 பேர். இளைய மாணவனுக்கு நாளொன்றுக்கு நெல் ஆறு நாழி. மூத்தவனுக்கு அதைவிடக் கூடுதல். இவ்வளவுக்கும் 45 வேலி நிலம் விடப்பட்டது. 1048இல் புதுச்சேரிக்கு அருகே திரிபுவனையில் நடந்த இன்னொரு கல்லூரியில் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஊர் வாரியப் பொறுப்புகளிலிருந்து விலக்கு இருந்தது. படிக்கிறவனுக்கு நெல்லைப் போலவே நேரமும் மானியமாக வேண்டும் என்று அந்த ஊர்ச்சபைக்குத் தெரிந்திருக்கிறது.

எல்லாவற்றிலும் என்னை நிறுத்தி வைப்பது திருமுக்கூடல் கல்வெட்டு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேருமிடத்துப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திரன் காலத்தில் வெட்டியது. கல்லூரி, அதன் விடுதி, பதினைந்து படுக்கை கொண்ட மருத்துவசாலை மூன்றுக்கும் செலவுத் திட்டம் அதில் இருக்கிறது. விடுதி மாணவர் படுக்கப் பாய். ஆண்டில் 51 சனிக்கிழமை தலைக்குத் தேய்க்க எண்ணெய். இரவில் விளக்கெரிக்க எண்ணெய். அந்தக் கடைசி வரியை எழுதியவர் கல்வியை உள்ளபடி அறிந்தவர். இரவு விளக்கு இல்லாத விடுதி வெறும் சத்திரம்.

ஆனால் இந்தக் கணக்கை வாசிக்கும்போது கூடவே எழுகிற கேள்வியை அடக்கக் கூடாது. ஆறு நாழி நெல் யாருக்கு? வேதம் ஓதும் பிராமணச் சிறுவர்களுக்கு. 45 வேலியில் நாற்று நட்டவர்களின் பிள்ளைகளுக்கு இல்லை, எந்தப் பெண்பிள்ளைக்கும் இல்லை. உழைத்தவன் நெல்லில் ஓதியவன் வளர்ந்தான். இந்த உண்மையைச் சொல்லாமல் சோழர் காலக் கல்விப் பெருமையை மேடையில் பேசுபவர்களைக் கேட்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. அந்தக் கல்வெட்டை மறைக்கவும் வேண்டாம், அப்படியே கொண்டாடவும் வேண்டாம். நெல் அளந்த முறையை எடுத்துக்கொண்டு, பந்தியை அகலமாக்குவதுதான் பின்வந்தவர்களின் கடமை.

அகலமாக்குவது எளிதாக நடக்கவில்லை. 1922இல் வ.வே.சு. ஐயர் தொடங்கிய சேரன்மாதேவி குருகுலத்துக்குத் தேசபக்தியும் இருந்தது, தமிழும் இருந்தது, காங்கிரஸின் நிதியும் வந்தது. இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சோறு போட்டது வெளியே தெரிந்தபோது தமிழ்நாடே கொதித்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேட்ட கேள்விக்கு நிறுவனத்தால் பதில் சொல்ல முடியவில்லை. பாடத்தில் யாரும் குறை சொல்லவில்லை. இலை போட்ட இடத்தில் அந்தக் குருகுலம் உடைந்தது. ஐயர் 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் மறைந்தார். ஒரு நல்ல மனிதரின் கனவு ஒரு பந்தியில் முறிந்ததை நினைத்து இன்றும் வருந்துகிறேன். ஆனாலும் கேட்டவர்கள் கேட்டது சரி. அதே காலத்தில் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் தொடங்கிய நந்தனார் பள்ளி, கோயில் வாசல் மறுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் இடமும் கொடுத்து வளர்ந்துகொண்டிருந்தது. அரசனின் மானியத்தில் பிறந்தவை கல்வெட்டாக நின்றன. சகஜானந்தரின் பள்ளி பிள்ளைகளோடு நடந்துகொண்டிருக்கிறது.

அதே சிதம்பரத்தில்தான் இந்தக் கதையின் இரண்டு முனைகளும் வந்து முடிச்சுப் போடுகின்றன. ராஜா அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு 1924இல் முதல்வராக வந்தார் சாமிநாதையர், அரியலூர்ச் சீமையில் ஆசிரியர் தேடி அலைந்த அதே பிள்ளை. 1927 வரை இருந்தார். 1929இல் அந்தக் கல்லூரியும் அதனோடு இருந்த கல்லூரிகளும் சேர்ந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று, மாணவர்கள் வளாகத்திலேயே தங்கிப் படிக்கும் உறைவிடப் பல்கலைக்கழகமாக. மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்த விபுலாநந்த அடிகள் 1931இல் முதல் தமிழ்ப் பேராசிரியர். பின்னாளில் யாழ் நூலாக வெளிவந்த ஆராய்ச்சியைச் செய்தவர் அவர். தமிழிசை இயக்கத்துக்குக் குரல் கொடுத்தது இந்த வளாகம். நாராயணசாமி என்று வந்து படித்தவர் நெடுஞ்செழியன் ஆனார், ராமையா என்று வந்தவர் அன்பழகன் ஆனார். சாமிநாதனுக்குப் பெயர் கொடுத்தவர் ஆசிரியர். இவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே சூட்டிக்கொண்டார்கள். அந்தப் பெயர்கள் எந்த வகுப்பிலும் பாடமாக நடந்திருக்க முடியாது. விடுதி அறைகளில், பத்திரிகை கை மாறும் நடைக்கூடத்தில், விடிய விடிய நடந்த வாதங்களில் விளைந்தவை. அதே வளாகத்து மாணவர் ராஜேந்திரன் 1965 ஜனவரி 27 அன்று மொழிப் போராட்டத்தில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். விடுதியில் சேர்ந்து யோசிப்பவர்கள் அதற்கு என்ன விலை கொடுக்க நேரும் என்பதும் அந்த வளாகத்தின் வரலாற்றில் இருக்கிறது.

இத்தனையையும் அடுக்கிப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாவது இதுதான். வகுப்பறை நமக்கு முடிந்துபோன அறிவைத் தருகிறது. குறிப்பு, விடை, மதிப்பெண் எல்லாம் தீர்மானமாகிவிட்டவை. ஆசிரியரும் அங்கே முடிவான முகத்தோடு வருகிறார். கூடத் தங்கும்போது மட்டுமே அறிவு இன்னும் ஆகிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறோம்: செய்யுள் ஏட்டில் இறங்குவதை, ஒரு பேராசிரியர் தம் கருத்தை இரவு மாற்றிக்கொள்வதை, பக்கத்துக் கட்டில்காரன் தன் சாதியையும் அச்சத்தையும் பற்றி முதல்முறையாக வாய் திறப்பதை. பந்தியில் பக்கத்தில் உட்கார்வதும் இதே காரணத்தால்தான் கல்வியில் சேர்கிறது. சாப்பிடும்போது எந்த மனிதனும் தன்னைப் பற்றிய முடிவான சித்திரத்தைக் காட்டிக்கொள்ள முடியாது. இன்னொரு மனிதரை அவர் முடிவடையாத நிலையில் காணவும், நம்மை அப்படியே காண விடவும் கிடைக்கிற அனுமதியே உறைவிடக் கல்வி. அந்த அனுமதிதான் சாமிநாதையரைச் சமணர் வீட்டுக்கு அனுப்பியது. அந்த அனுமதியைப் பந்தியில் மறுத்ததால்தான் சேரன்மாதேவி உடைந்தது.

இன்று தமிழ்நாட்டில் விடுதிக்குக் குறைவில்லை. பெரம்பலூரிலும் அரியலூரிலும் நெடுஞ்சாலையோரம் எழுந்திருக்கிற தனியார் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தங்குகிறார்கள். பல இடங்களில் மாலை முழுவதும் கண்காணிப்போடு ஸ்டடி ஹவர், அது முடிந்ததும் அறை, அறைக்குள் கைப்பேசி. ஆசிரியர்கள் கல்லூரிப் பேருந்தில் ஐந்து மணிக்கே ஊர் போய்விடுகிறார்கள். பிள்ளைகள் தங்குகிறார்கள், கல்லூரி தங்குவதில்லை. இதற்குப் பெற்றோர் லட்சக்கணக்கில் கொடுக்கிறார்கள். மறுபக்கம் அரசின் நல விடுதிகள், இப்போது சமூகநீதி விடுதிகள் என்று பெயர் பெற்றவை. கட்டில் போதாது, குளியலறை போதாது, நூலகம் என்று ஒரு பீரோ. ஆனால் தங்கள் குடும்பத்தில் முதல்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். எண்ணாயிரத்து நெல் ஆயிரம் ஆண்டு தாமதமாக இவர்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அந்த விடுதிகளைப் பராமரிப்புச் செலவாக மட்டும் பார்க்கிற எந்த அதிகாரியையும் என்னால் மன்னிக்க முடிவதில்லை.

பல கல்லூரி விடுதிகளில் டிவைடிங் சிஸ்டம் என்று ஒன்று உண்டு. மாதத்தின் அரிசி, பருப்பு, காய்கறி, கேஸ், சமையற்காரர் கூலி எல்லாவற்றையும் கூட்டித் தங்கியவர்களுக்கிடையே வகுத்து மெஸ் பில் போடுவார்கள். மாணவர்களில் ஒருவரே மெஸ் ரெப்பாக இருந்து சந்தைக்குப் போவார். கணக்கு நோட்டு மேசைமேல் இருக்கும், யாரும் புரட்டலாம், சண்டை போடலாம். நாடாளுமன்றத்தைப் பற்றிப் படிப்பதற்கு முன் பிள்ளைகள் நடத்திப் பார்க்கிற ஆட்சி அது. ஒப்பந்தக்காரரிடம் மெஸ்ஸைக் கொடுத்துவிடுவது சுலபம்தான். அப்படிக் கொடுத்த விடுதிகளில் பிள்ளைகள் வாடிக்கையாளர்கள் ஆகிவிடுகிறார்கள். இலை முன்னால் உட்கார்ந்து குறை சொல்லலாம், பொறுப்பேற்க முடியாது.

கூடத் தங்கிக் கற்க இந்த மாவட்டத்திலேயே ஒரு வாய்ப்பு காத்திருக்கிறது. ரெட்டிபாளையத்தில் சிமென்ட் ஆலை இருக்கிறது, சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் இருக்கின்றன, டிப்பர் லாரிகள் ஓடுகின்றன. இந்தக் கல் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கிரெட்டேசியஸ் காலத்துக் கடலின் அடியில் படிந்தது. நிலவியல் நூல்களில் அரியலூர் என்பது ஒரு பாறைத் தொகுதியின் பெயர். இந்தியாவின் பல பல்கலைக்கழகங்களிலிருந்து நிலவியல் மாணவர்கள் சுத்தியலும் நோட்டுமாக இங்கே வருகிறார்கள். லாட்ஜில் தங்குகிறார்கள், அம்மோனைட்டும் சிப்பியுமாகப் புதைபடிவங்களைப் பொறுக்குகிறார்கள், போய்விடுகிறார்கள். சுரங்கத்தின் ஓரத்தில் வளர்ந்த பிள்ளைக்கும் அந்த மாணவருக்கும் ஒரு வார்த்தை நடப்பதில்லை. இந்த ஊரைப் பற்றி உலகுக்குத் தெரிந்தது இந்த ஊருக்குத் தெரியாமலே வந்து போகிறது. வருகிற மாணவர்களை அந்தச் சில நாட்களுக்கு அரியலூர் அரசு கலைக் கல்லூரி மாணவர் தங்கும் விடுதிகளில் தங்கவைத்தால் என்ன? அதே மெஸ், அதே இலை. இரவில் அன்றைக்குப் பொறுக்கிய கல்லை மேசைமேல் பரப்பிவைத்து, இது என்ன என்று தெரியவில்லை என்று அவர்கள் குழம்பட்டும். அந்தக் குழப்பத்தைச் சுற்றி நம் பிள்ளைகள் நிற்கட்டும். அவர்களில் ஒருத்தி, இதைவிடப் பெரியது எங்கள் கொல்லையில் கிடக்கிறது என்று சொல்லட்டும்.

ஒருத்தி என்று எழுதும்போதே ஒரு தடை முன்னால் வந்து நிற்கிறது. மாணவியர் விடுதிகளின் வாயிற்கதவு பல இடங்களில் மாலை ஆறு மணிக்கே பூட்டப்படுகிறது. மாணவர் விடுதியில் அப்படியில்லை. நூலகம் எட்டு மணி வரை திறந்திருந்தாலும், கலையரங்கில் கருத்தரங்கு நடந்தாலும், வெளியூர்ப் பேராசிரியர் வந்திருந்தாலும் அவளுக்கு அந்த மாலை இல்லை. உறைவிடக் கல்வியின் உயிரான நேரம் எதுவோ அதே நேரத்தில் அவள் உள்ளே பூட்டப்படுகிறாள், கட்டணம் மட்டும் முழுதாகக் கட்டுகிறாள். பாதுகாப்பு வேண்டும் என்றால் நூலகத்துக்கும் விடுதிக்கும் இடையே விளக்குப் போடுங்கள், காவலரை நிறுத்துங்கள், பேராசிரியைகள் வளாகத்தில் தங்க வீடு கட்டுங்கள். இவற்றுக்குப் பணம் வர நாளாகலாம். நூலகம் மூடும் வரை கதவு திறந்திருக்கும் என்று அறிவிக்க நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டியதில்லை. முதல்வர் கையெழுத்திட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிற ஒரு சுற்றறிக்கை போதும், அதை இந்தப் பருவத்திலேயே செய்யலாம்.